முதல் ஆல்பம் என்றால் எது முதல்?

ராக் இசை ரசிகர்கள் நான்கு பேர் கூடினால் ஒரு வாக்குவாதம் நிச்சயம். "நிர்வானாவோட முதல் ஆல்பம் நெவர்மைண்ட்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "இல்லைங்க, ப்ளீச்" என்பார் அடுத்தவர். "அதுக்கு முன்னாடியே ஒரு சிங்கிள் வந்திருக்கே, அது கணக்கில்லையா?" என்று மூன்றாமவர் உள்ளே வருவார். "ஜேன்ஸ் அடிக்ஷன் 1987-லயே ஒரு ஆல்பம் போட்டாங்க. அப்புறம் ஏன் 1988-ல வந்ததை முதல்னு எழுதுறாங்க?" என்று நான்காமவர் கேட்டுவிட்டால் அன்றைய பொழுது அதோடு சரி.

நிர்வானா, ஜேன்ஸ் அடிக்ஷன் இரண்டும் அமெரிக்க ராக் குழுக்கள். நெவர்மைண்ட் என்றவரைத் தவிர மற்றவர்கள் சொல்வதெல்லாம் உண்மைதான். ஆளாளுக்கு 'முதல்' என்ற சொல்லை வேறு வேறு பொருளில் பிடித்துக்கொண்டு இழுக்கிறார்கள், அவ்வளவே. இசை பற்றி எழுதுபவர்கள் 'ஆல்டர்நேட்டிவ் ராக் குழுவின் அறிமுக ஸ்டூடியோ ஆல்பம்' என்று நீட்டி எழுதுவது அலங்காரத்துக்காக இல்லை. அதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலி. எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்று அது தீர்மானிக்கிறது. கடைசிச் சொல்லில் தொடங்கிப் பின்னோக்கி வருவோம். புரிந்துகொள்ள அதுதான் சுலபம்.

## ஆல்பம்: போட்டோ ஆல்பத்தின் உறவினர்

முதலில் ஒரு குழப்பத்தைக் களைந்துவிடலாம். தமிழில் 'ஆல்பம் பாட்டு' என்றால் சினிமாவில் வராத தனிப்பாடல், பெரும்பாலும் வீடியோவோடு வருவது. அந்தப் பொருளை இந்தக் கட்டுரை முடியும்வரை மறந்துவிடுங்கள்.

வீட்டில் இருக்கும் போட்டோ ஆல்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தடித்த அட்டை, உள்ளே பக்கங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் செருகி வைத்த படம். இதை வெறும் உவமையாகச் சொல்லவில்லை. இசை ஆல்பத்துக்குப் பெயர் வந்ததே இப்படித்தான். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டுகளில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் கொள்ளும். நீண்ட இசை வேண்டுமென்றால் பல தட்டுகள் தேவை. அந்தத் தட்டுகளை உறைகளில் செருகி, புத்தகம் போலக் கட்டி விற்றார்கள். பார்க்கப் போட்டோ ஆல்பம் போலவே இருந்தது. ஆல்பம் என்றே அழைத்தார்கள்.

1948-ல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்குச் சுமார் முப்பத்து மூன்று முறை சுழலும் புதிய தட்டைக் கொண்டுவந்தது. துல்லியமாகச் சொன்னால் முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும். இதுதான் எல்.பி., அதாவது நீண்ட நேரம் ஓடும் தட்டு. ஒரு பக்கத்துக்குச் சுமார் 22 நிமிடம். கத்தையாக இருந்த பல தட்டுகளின் இசை ஒரே தட்டில் அடங்கியது. புத்தகக் கட்டு போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இந்த 22 நிமிடக் கணக்கு இன்றும் நம்மை விடவில்லை என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும். 1980-களில் வந்த சி.டி.யில் 74 நிமிடம் கொள்ளும். இணையத்தில் எல்லையே இல்லை. ஆனாலும் 2001-ல் சி.டி. கொடிகட்டிப் பறந்த காலத்தில் நியூயார்க் குழுவான த ஸ்ட்ரோக்ஸ் வெளியிட்ட அறிமுக ஆல்பம் 'இஸ் திஸ் இட்' சுமார் 36 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பதினொரு பாட்டு, அவ்வளவுதான். ஓர் ஆல்பம் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்ற நம் உணர்வை, இரண்டு பக்கத் தட்டு ஒன்று என்றைக்கோ வடிவமைத்துவிட்டது.

ஆல்பத்துக்கு இரண்டு தம்பிகள் உண்டு. ஒன்று சிங்கிள்: ஒரு பாட்டை முன்னிறுத்தி வெளியிடுவது, பின்பக்கத்தில் துணைக்கு இன்னொன்று இருக்கலாம். மற்றொன்று ஈ.பி.: சிங்கிளைவிடப் பெரியது, ஆல்பத்தைவிடச் சிறியது, பொதுவாக நான்கைந்து பாட்டு. இரண்டும் வெளியீடுகள்தான், இரண்டையும் காசு கொடுத்து வாங்கலாம், ஆனால் இரண்டும் ஆல்பம் கணக்கில் சேராது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் 1980-ல் உருவான ஆர்.இ.எம். குழுவைப் பாருங்கள். 1981-ல் ஒரு சிங்கிள். 1982-ல் 'க்ரானிக் டவுன்' என்று ஐந்து பாட்டு ஈ.பி. 1983-ல் 'மர்மர்'. மூன்றாவதாக வந்த இந்த 'மர்மர்'தான் அவர்களின் அறிமுக ஆல்பம். முன்னால் வந்த சிங்கிளில் இருந்த அதே பாட்டை ஆல்பத்துக்காகப் புதிதாகப் பதிவு செய்து, அதையே முதல் பாட்டாகவும் வைத்தார்கள்.

எல்லைக்கோடு எப்போதும் இவ்வளவு நேராக இருப்பதில்லை. பாஸ்டன் நகரத்துப் பிக்சீஸ் குழு 1987-ல் வெளியிட்ட 'கம் ஆன் பில்க்ரிம்' எட்டுப் பாட்டு. ஈ.பி. என்பவரும் உண்டு, குட்டி ஆல்பம் என்பவரும் உண்டு. அதனால் 1988-ன் 'சர்ஃபர் ரோசா'வையே முதல் முழு நீள ஆல்பமாக எழுதுவது வழக்கம். இங்கே சண்டை வந்தால் நான் ஒதுங்கிவிடுவேன்.

இதுவரை பார்த்தது: ஆல்பம் என்பது பாடல்களை வரிசைப்படுத்தித் தொகுத்த முழு நீள வெளியீடு. சிங்கிளும் ஈ.பி.யும் அதற்கு முன்னால் வந்திருந்தாலும் 'அறிமுக ஆல்பம்' என்ற பட்டத்தை அவை பறிக்காது.

## ஸ்டூடியோ: நாடகமும் சினிமாவும்

மேடை நாடகத்தில் நடிகர் வசனத்தை மறந்தால் மறந்ததுதான். சினிமாவில் திரும்ப எடுக்கலாம், கடைசிக் காட்சியை முதலில் எடுக்கலாம், வெட்டி ஒட்டலாம், பின்னணி இசையைப் பிறகு சேர்க்கலாம். கச்சேரிப் பதிவுக்கும் ஸ்டூடியோ பதிவுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய இதுதான். கச்சேரியில் அந்த இரவில் நடந்ததை அப்படியே பிடிப்பது லைவ் ஆல்பம். ஒலிப்பதிவுக் கூடத்தில், கேட்பவர் யாரும் எதிரில் இல்லாமல், பாட்டைத் துண்டு துண்டாகக் கட்டி எழுப்புவது ஸ்டூடியோ ஆல்பம்.

நான்காமவரின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் குழுவான ஜேன்ஸ் அடிக்ஷன் 1987-ல் வெளியிட்டது ராக்ஸி அரங்கில் பதிவு செய்த லைவ் ஆல்பம். 1988-ல் வந்த 'நத்திங்ஸ் ஷாக்கிங்' முதல் ஸ்டூடியோ ஆல்பம். முதல் ஆல்பம் ஒன்று, முதல் ஸ்டூடியோ ஆல்பம் வேறொன்று. இரண்டு கூற்றும் உண்மை. கொசுறாக ஒரு செய்தி: அந்த லைவ் ஆல்பத்திலும் பிறகு ஸ்டூடியோவில் வைத்துச் சில பூச்சு வேலைகள் செய்தார்கள். லைவ் என்றால் நூறு சதவீதம் லைவ் என்று நம்பிவிட வேண்டாம்.

சரி, ஸ்டூடியோவுக்குள் என்ன நடக்கிறது? 'ஐந்து பேர் உள்ளே போய் வாசிக்கிறார்கள், மைக் பதிவு செய்கிறது' என்று பலர் நினைக்கிறார்கள். அது கால் பங்குதான்.

ஓர் அகலமான சாலையைக் கற்பனை செய்யுங்கள். அதில் பக்கத்துப் பக்கத்தில் பல தடங்கள். ஒரு தடத்தில் டிரம்ஸ் மட்டும், இன்னொன்றில் பேஸ் கிடார், மூன்றாவதில் குரல். எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே திசையில் ஓடுகின்றன, ஆனால் ஒன்றோடொன்று கலக்கவில்லை. பதிவு நாடாவிலும் இப்படிப் பல தடங்கள் உண்டு. இதற்குப் பல தடப் பதிவு என்று பெயர். தடங்கள் தனித்தனியாக இருப்பதால் குரல் மட்டும் பிசகினால் குரலை மட்டும் திரும்பப் பாடலாம்; டிரம்ஸ் வாசித்தவர் வீட்டுக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஏற்கெனவே பதிந்ததைக் கேட்டுக்கொண்டே அதன் மேல் இன்னொரு தடம் சேர்ப்பதுதான் ஓவர்டப். குழுவில் ஒரே ஒரு கிடார்காரர் இருக்க, ஆல்பத்தில் நான்கு கிடார் கேட்பதன் ரகசியம் இது.

1980-களில் பெரிய ஸ்டூடியோக்களில் 24 தட நாடா வழக்கம். நிர்வானா 'ப்ளீச்'சைப் பதிவு செய்த சியாட்டில் ஸ்டூடியோவில் இருந்தது 8 தடம். இந்தக் குறைந்த வசதியே அந்த ஆல்பத்தின் கரடுமுரடான ஓசைக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அடுக்கிக்கொண்டே போக இடம் இல்லாதபோது வாசிப்பதை ஓங்கித்தான் வாசிக்க வேண்டும்.

தடங்கள் நிறைந்ததும் மிக்ஸிங். எந்தத் தடம் எவ்வளவு சத்தமாக, இடது காதிலா வலது காதிலா, அருகிலா தூரத்திலா என்று முடிவு செய்து எல்லாவற்றையும் இரண்டு தடமாகக் குறுக்கும் வேலை. அதன் பிறகு மாஸ்டரிங்: எல்லாப் பாட்டும் ஒரே ஆல்பத்தைச் சேர்ந்தவை போலக் கேட்கும்படி அளவுகளைச் சீராக்கி, தட்டுக்கோ சி.டி.க்கோ ஏற்றபடி தயார் செய்வது. மிக்ஸிங் ஒரு பாட்டுக்குள் நடப்பது, மாஸ்டரிங் பாட்டுகளுக்கு இடையில் நடப்பது என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இந்தக் கட்டங்கள் ஒரு ஆல்பத்தை எப்படிப் புரட்டிப்போடும் என்பதற்கு ஓயசிஸ் குழுவின் 'டெஃபினிட்லி மேபி'யைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1994 ஜனவரியில் வேல்ஸ் பகுதியில் உள்ள மானோ வேலி ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். வாசிக்கும்போது அறையில் அதிர்ந்த இசை, பதிவைப் போட்டுக் கேட்டால் மெலிந்து, கழுவித் துடைத்தது போல இருந்தது. கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார்கள். அடுத்து கார்ன்வாலில் உள்ள சாமில்ஸ் ஸ்டூடியோ. இந்தமுறை கருவிகளுக்கு நடுவே ஒலித்தடுப்பு வைக்காமல் எல்லோரும் ஒன்றாக நின்று வாசித்தார்கள். மேலே குழுவின் கிடார் வாசிப்பாளர் நோயல் காலகர் கிடார் ஓவர்டப்புகளை அடுக்கினார். அப்போதும் சரிப்படவில்லை! கடைசியில் ஓவன் மாரிஸ் என்பவர் கையில் நாடாக்கள் போயின. அவர் செய்த முதல் வேலை, அடுக்கிய கிடார்களில் பலவற்றை உருவி எடுத்தது. மிக்ஸிங் மேசையில்தான் அந்த ஆல்பம் தப்பிப் பிழைத்தது. ஆகஸ்ட் 29 அன்று வெளியாகி, அதுவரை பிரிட்டனில் மிக வேகமாக விற்ற அறிமுக ஆல்பம் என்ற பெயரும் வாங்கியது.

மேடையில் ஒன்றாக வாசித்த வேகத்தில் பிறந்தது போலத்தான் அந்த ஆல்பம் காதுக்குக் கேட்கும். அந்த உணர்வை உண்டாக்கவே மூன்று முயற்சி தேவைப்பட்டது.

சுருக்கினால்: பதிவு, ஓவர்டப், மிக்ஸிங், மாஸ்டரிங். 'ஸ்டூடியோ' என்ற சொல் இத்தனையையும் குறிக்கிறது. இடத்தைவிட வேலைமுறையைச் சொல்லும் சொல் அது.

## புரொடியூசர் பணம் போடுபவர் இல்லை

சினிமா பேசியே பழகிய நமக்கு இங்கே ஒரு பள்ளம் காத்திருக்கிறது. சினிமாவில் புரொடியூசர் என்றால் முதலாளி. ராக் ஆல்பத்தில் புரொடியூசர் என்பவர் சினிமா இயக்குநரின் நாற்காலிக்கு அருகில் உட்கார்ந்திருப்பவர். எந்தப் பதிவு நன்றாக வந்தது, எந்தப் பாட்டைச் சுருக்க வேண்டும், டிரம்ஸ் எப்படி ஒலிக்க வேண்டும் என்று சொல்வது அவர். பணம் போடுவது லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம்.

அனுபவமில்லாத குழு முதல்முறை ஸ்டூடியோவுக்குள் போகும்போது இந்த நாற்காலியில் யார் இருக்கிறார் என்பது ஆல்பத்தின் தலையெழுத்தையே மாற்றும். ஆர்.இ.எம். குழுவுக்கு ஐ.ஆர்.எஸ். லேபிள் முதலில் ஸ்டீஃபன் ஹேக் என்ற புரொடியூசரோடு ஒரு பாட்டைச் சோதித்துப் பார்க்கச் சொன்னது. அவர் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் குழுவைக் களைப்பாக்கினார். பிறகு நாடாவை எடுத்துக்கொண்டு போய் அவர்களைக் கேட்காமலே கீபோர்டு சேர்த்துவிட்டார். குழு மறுத்துவிட்டது. ஏற்கெனவே பழகிய மிட்ச் ஈஸ்டர், அவரோடு டான் டிக்ஸன், இருவரையும் வைத்து வட கரோலினா மாநிலம் சார்லட் நகரில் 'மர்மர்'ரைப் பதிவு செய்தார்கள். குரல் மங்கலாக, வார்த்தைகள் பாதி புரியாமல், கிடார்கள் மணி போல ஒலிக்கும் அந்த ஆல்பத்தை ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 1983-ன் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு கடைகளில் மைக்கேல் ஜாக்ஸனின் 'த்ரில்லர்' விற்றுத் தீர்ந்துகொண்டிருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு கோடியில் ஸ்டீவ் அல்பினி. புரொடியூசர் என்ற பட்டமே அவருக்குப் பிடித்ததில்லை. குழு வாசிப்பதைப் பதிவு செய்பவன் நான், அவ்வளவே என்பது அவர் நிலை. பிக்சீஸின் 'சர்ஃபர் ரோசா'வுக்கு அவர் வாங்கியது 1,500 டாலர் கூலி. விற்பனையில் பங்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். குரலுக்கு எதிரொலி வேண்டும் என்றபோது இயந்திரத்தை நாடாமல் பாடகியைக் குளியலறைக்கு அனுப்பினார். குளியலறைச் சுவர் செய்கிற வேலையை எந்தக் கருவியும் செய்யாது என்பதை அந்தப் பாட்டுகளைக் கேட்டால் ஒப்புக்கொள்வீர்கள்.

## அறிமுகம்: யாருக்கு?

ஒரு எழுத்தாளரின் முதல் புத்தகம் என்றால் அவர் முதன்முதலில் எழுதியது என்று யாரும் நினைப்பதில்லை. நோட்டுப் புத்தகங்களில் எத்தனையோ எழுதிக் கிழித்திருப்பார். அறிமுக ஆல்பமும் அப்படித்தான். அது நமக்குத்தான் அறிமுகம். குழுவுக்கு அது பல வருட வேலையின் முடிவு.

ரேடியோஹெட் குழுவினர் இங்கிலாந்தில் பள்ளி மாணவர்களாக இருந்தபோதே, 1985-ல், வேறு பெயரில் சேர்ந்து வாசிக்கத் தொடங்கியவர்கள். அறிமுக ஆல்பமான 'பாப்லோ ஹனி' வந்தது 1993 பிப்ரவரியில். நடுவில் எட்டு வருடம். இரண்டாவது ஆல்பத்துக்கு அவர்களுக்குக் கிடைத்ததோ இரண்டே வருடம், அதிலும் பாதி பயணக் கச்சேரிகளில் போனது. வயலென்ட் ஃபெம்ஸ் குழுவின் அறிமுக ஆல்பப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றைப் பாடகர் கார்டன் கானோ பள்ளியில் படிக்கும்போதே எழுதிவிட்டார். முதல் ஆல்பத்தை எழுத வாழ்நாள் முழுவதும் கிடைக்கிறது, இரண்டாவதை எழுத ஆறு மாதம்தான் என்று இசைத்துறையில் கேலியாகச் சொல்வார்கள். 'முதல் ஆல்பம் மாதிரி இல்லையே' என்று நாம் பிறகு சலித்துக்கொள்வதற்கு இந்தக் கணக்கே பாதிக் காரணம்.

ஆல்பத்துக்கு முன்னால் வருவது டெமோ. லேபிளிடம் காட்டவோ, கச்சேரி வாய்ப்புக் கேட்கவோ, சும்மா கேட்டுப் பார்க்கவோ செய்யும் மாதிரிப் பதிவு. வெளியிடுவதற்காகச் செய்வதில்லை. ஆனால் சுவர் சில சமயம் இடிந்துவிடும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஆர்க்டிக் மங்கீஸ் தங்கள் டெமோக்களை சி.டி.யில் எழுதிக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்தார்கள். ரசிகர்கள் அவற்றை இணையத்தில் பரப்பினார்கள். 2006 ஜனவரியில் அறிமுக ஆல்பம் வந்தபோது கூட்டத்துக்கு ஏற்கெனவே பல பாட்டு மனப்பாடம். முதல் வாரத்திலேயே பிரிட்டனில் 3,63,735 பிரதிகள் விற்றன. 'அறிமுகம்' என்ற சொல் அங்கே கொஞ்சம் கூச்சப்பட்டிருக்கும்.

இதைவிட விசித்திரமானது ஃபூ ஃபைட்டர்ஸ் கதை. நிர்வானாவின் டிரம்ஸ் வாசிப்பாளர் டேவ் க்ரோல், அதன் பாடகர் கர்ட் கோபெயின் இறந்த சில மாதங்களில், 1994 அக்டோபரில், தனியாக ஸ்டூடியோவுக்குள் போனார். ஆறே நாளில் பாட்டுகளைப் பதிவு செய்தார். ஒரு பாட்டில் ஒரு கிடார் பகுதியைத் தவிர டிரம்ஸ், பேஸ், கிடார், குரல் எல்லாம் அவரே. பல தடப் பதிவு இல்லையென்றால் இது நடக்காது. கேசட்டில் பிரதி எடுத்துக் கொடுத்தபோது தனி ஆள் என்று தெரியக்கூடாது என்பதற்காகப் பன்மையில் ஒரு பெயர் வைத்தார். ஆட்களைச் சேர்த்தது அதற்குப் பிறகு. 1995-ல் வந்த அந்தக் குழுவின் அறிமுக ஆல்பம், குழு பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது.

ஆல்பத்துக்குப் பெயரும் 'ஃபூ ஃபைட்டர்ஸ்' என்பதே. குழுவின் பெயரையே அறிமுக ஆல்பத்துக்கு வைப்பது ராக் இசையில் பழைய வழக்கம். வயலென்ட் ஃபெம்ஸ், த ஸ்மித்ஸ், த ஸ்டோன் ரோசஸ், வீசர், கார்பேஜ் எல்லாம் அப்படித்தான். தேடும்போது குழுவின் பெயரும் ஆல்பத்தின் பெயரும் ஒன்றாக வந்தால் பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

## முன்பணம் சம்பளம் இல்லை

அறிமுக ஆல்பம் பற்றிப் பேசும்போது மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்தப் பகுதி. 'லேபிள் லட்சக்கணக்கில் கொடுத்தது, பையன்கள் பணக்காரர் ஆகிவிட்டார்கள்' என்பார்கள்.

லேபிள் தருவது முன்பணம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சம்பளத்தில் கழித்துக்கொள்ளும்படி வாங்கிய கடன் போன்றது. ஸ்டூடியோ வாடகை, புரொடியூசர் கூலி எல்லாம் பெரும்பாலும் இதிலிருந்தே போகும். ஆல்பம் விற்கும்போது குழுவுக்குச் சேர வேண்டிய பங்குக்கு ராயல்டி என்று பெயர். அந்த ராயல்டியை லேபிள் கையில் தராமல், முன்பணம் முழுவதும் அடைபடும்வரை தானே எடுத்துக்கொள்ளும்.

கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. கணக்குப் புரிவதற்காக, லேபிள் ஒரு லட்சம் டாலர் முன்பணம் தந்தது, ஒரு ஆல்பம் பத்து டாலருக்கு விற்கிறது, அதில் குழுவின் ராயல்டி ஒரு டாலர் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் பிரதி விற்றாலே ஒரு லட்சம் வந்துவிடுகிறதே, கடன் அடைந்ததா? இல்லை. கடன் அடைவது குழுவின் ஒரு டாலரிலிருந்து மட்டும். ஆக, ஒரு லட்சம் பிரதி விற்ற பிறகே குழுவின் கைக்கு அடுத்த டாலர் வரும். இந்த உதாரணத்தின்படி அதற்குள் மொத்த விற்பனை பத்து லட்சம் டாலரைத் தொட்டிருக்கும். ஆல்பம் ஓடாவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பது வழக்கமில்லை என்பது மட்டும் ஆறுதல். புகழ்பெற்ற அறிமுக ஆல்பத்தின் சொந்தக்காரர்கள் வாடகைக்கு அல்லாடிய கதைகள் ஏன் இத்தனை இருக்கின்றன என்பது இப்போது புரியும்.

செலவு குறைந்தால் கடனும் குறையும். 'ப்ளீச்' பதிவுக்கு ஆன கட்டணம் 606 டாலர் 17 சென்ட். ஸ்டூடியோவில் மொத்தம் முப்பது மணி நேரம். பதிவு செய்தவர் ஜாக் எண்டினோ, வெளியிட்டது சியாட்டிலின் சப் பாப் லேபிள். அந்தத் தொகையும் குழுவின் பையிலிருந்து வரவில்லை. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

## ஆல்டர்நேட்டிவ்: எதற்கு மாற்று?

நான்கு சொற்களில் மிகவும் தேய்ந்துபோனது இது. கிடார் உறுமினால் ஆல்டர்நேட்டிவ், பாடகர் சோகமாக இருந்தால் ஆல்டர்நேட்டிவ் என்று கைக்கு வந்தபடி ஒட்டுகிறார்கள்.

தொடக்கத்தில் இந்தச் சொல் ஓசையைக் குறிக்கவில்லை, பாதையைக் குறித்தது. நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி, பக்கத்தில் கிராமத்துச் சாலை. 1980-களின் அமெரிக்காவில் நெடுஞ்சாலை என்பது பெரிய லேபிள்களும் வணிக வானொலியும். கிராமத்துச் சாலை என்பது சிறு லேபிள்கள், சிறிய அரங்குகள், மாணவர்கள் நடத்திய கல்லூரி வானொலி நிலையங்கள். அந்தச் சாலையில் வந்தவர்கள் எல்லோருக்கும் பொதுப் பெயர்தான் 'மாற்று'. அதனால்தான் மணி போலக் கிடார் ஒலிக்கும் ஆர்.இ.எம்., கத்திக்கொண்டே கிசுகிசுக்கும் பிக்சீஸ், தந்தி அதிரும் அக்கூஸ்டிக் பேஸோடு வந்த வயலென்ட் ஃபெம்ஸ் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். காதை மட்டும் வைத்துப் பார்த்தால் இவர்களுக்குள் உறவே தெரியாது.

அந்தச் சாலையின் வேகம் வேறு. வயலென்ட் ஃபெம்ஸின் அறிமுக ஆல்பம் 1983-ல் வந்தது. பெரிய விளம்பரம் இல்லை. ஒரு விடுதி அறையிலிருந்து இன்னொன்றுக்கு, அண்ணனிடமிருந்து தம்பிக்கு என்று நகர்ந்து, 1991-ல் பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்று பெற்றது. அதுவரை அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் முதல் 200 ஆல்பங்கள் பட்டியலில் அது ஒரு வாரம்கூட இடம்பெற்றிருக்கவில்லை. பட்டியல் ஒரு வாரத்தின் வேகத்தை அளக்கிறது. மெதுவாக, நிற்காமல் விற்பதை அது பார்ப்பதே இல்லை.

பிறகு கிராமத்துச் சாலையும் அகலமானது. 1988-ல் பில்போர்டு இந்த இசைக்கென்று தனி வானொலிப் பட்டியல் தொடங்கியது. 1991-ல் கிராமி விருதில் ஆல்டர்நேட்டிவ் இசைக்குத் தனிப் பிரிவு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 'நெவர்மைண்ட்' வெளியானது. சில மாதங்களில் மாற்றுப் பாதையே நெடுஞ்சாலையாகிவிட்டது, ஆனால் பெயர்ப்பலகையை யாரும் மாற்றவில்லை. இன்று 'ஆல்டர்நேட்டிவ் ராக்' என்று ஒரு குழுவைச் சொன்னால் அது எந்த லேபிளில் இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. எந்தப் பரம்பரையில் வந்தது என்பதை மட்டும் சொல்கிறது.

## அந்தச் சண்டை

இப்போது நிர்வானா விஷயத்தைத் தீர்க்கலாம். 1988 நவம்பரில் சப் பாப் வெளியிட்ட ஆயிரம் பிரதித் தட்டு ஒரு சிங்கிள்; கணக்கில் இல்லை. 1989 ஜூனில் வந்த 'ப்ளீச்' முழு நீளம், ஸ்டூடியோவில் பதிவானது. அதுதான் அறிமுக ஸ்டூடியோ ஆல்பம். 'நெவர்மைண்ட்' இரண்டாவது. உலகம் நிர்வானாவை அறிந்தது 'நெவர்மைண்ட்' வழியாக என்பதால் பலர் அதையே முதல் என்கிறார்கள். அதற்கு முன் 'ப்ளீச்' விற்றது சுமார் 40,000 பிரதிதான்.

'ப்ளீச்' அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் படத்தில் நான்கு பேர் மேடையில் இருக்கிறார்கள். டேவ் க்ரோல் அதில் இல்லை. அவர் அப்போது குழுவிலேயே இல்லை. டிரம்ஸ் வாசித்தவர் சாட் சானிங். ஆனால் சில பாட்டுகள் முந்தைய டெமோ பதிவிலிருந்து எடுத்தவை, அவற்றில் வாசித்தவர் மெல்வின்ஸ் குழுவின் டேல் க்ரோவர். அவர் அட்டைப் படத்தில் இல்லை. படத்தில் தலைமுடி பறக்க நிற்பவர்களில் ஒருவர் ஜேசன் எவர்மன். கிடார் என்று அவர் பெயரையும் போட்டிருக்கிறார்கள். ஆல்பத்தில் அவர் ஒரு தந்தியைக்கூட மீட்டவில்லை. அந்த 606 டாலர் 17 சென்ட் கொடுத்தவர் அவர்தான்.